இரண்டு வேலைக்கும் ஒரே துவக்கு

கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எல்லோரும் முதலில் பார்த்தது என் கையைத்தான். கணவர் பார்த்தார். சுடும் சங்கத்தின் தலைவர் பார்த்தார். துப்பாக்கிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காப்புக்கு அளவு எடுப்பதுபோல என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சின்னக் கை" என்றார். வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் நாள் முழுவதும் மற்றவர்களின் கணக்கைத் தட்டுகிற, ஐம்பது வயது தாண்டிய ஒருத்தியின் கை. அது பின்னே எப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

இந்தக் கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை. ஒரு மன்னிப்பில் தொடங்கியது.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, எஸ்-பான் ரயில் ஓடி முடிகிற பக்கத்தில், ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். நவம்பர் மாதம். வேலை முடிந்து வரும்போதே இருட்டிவிடுகிற காலம். கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றி, மேலே போகப் படியில் பாதி ஏறியிருப்பேன். எங்கள் படுக்கையறையிலிருந்து ஒரு மனிதன் வெளியே வந்தான். கறுப்பு மேலங்கி, முதுகில் பை. என்னைக் கண்டு அவன் திடுக்கிடவில்லை. இறங்கி வந்து, "என்ட்ஷுல்டிகுங்" என்றான். மன்னிக்கவும் என்று. பஸ்ஸில் இறங்குகிறவர்கள் சொல்வார்களே, அந்தத் தொனியில். நான் என்ன செய்தேன்? சுவரோடு ஒதுங்கி நின்று அவனுக்கு வழி விட்டேன். அவனுடைய மேலங்கி என் தோளில் உரசியது. வாசற்கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.

என் வீட்டுக்குள், என் படியில், கள்ளனுக்கு மரியாதையாக வழி விட்டவள் நான். அன்றிலிருந்து அந்தத் தோள் என்னுடையதாக இல்லை.

பொலிசார் வந்து, பின் யன்னல் சட்டத்தில் கறுப்புத் தூள் பூசிப் பார்த்தார்கள். "யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் முக்கியம்" என்றார் ஒருவர். நான் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் கனடாவிலிருந்தும் ஹம்பேர்க்கிலிருந்தும் தொலைபேசி எடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"தாலிக்கொடியும் போயிட்டுதோ?"

"இல்லை, அது வங்கியில கிடக்கு."

"அப்ப பரவாயில்லை, அம்மாள் காப்பாத்திப் போட்டா."

அதன் பிறகு ஆலோசனைகள். நாய் வளர்க்கச் சொன்னார்கள். கமரா பூட்டச் சொன்னார்கள். யாரோ வயிற்றெரிச்சலில் கண் வைத்துவிட்டார்கள், நாவூறு கழிக்க வேண்டும் என்றாள் ஒரு மச்சாள். யன்னல்களுக்குப் புதுப் பூட்டுகள் போட்டோம். ஒன்றும் என் தோளுக்கு உதவவில்லை. கணவர் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குகிறவர், மாறி மாறி வேலை. பிற்பகல் வேலை வருகிற வாரங்களில் நான் வீட்டுக்கு வந்தால், அவர் வரும்வரை எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, குசினியில் முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பேன். அந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் பிற்பகல் வேலையே அடுத்தடுத்து வந்தது. கேட்டால், "வேலைக்கு ஆக்கள் காணாதாம், என்ன செய்யிறது" என்பார்.

மகள் ஹனோவரில் படிக்கிறாள். தொலைபேசியில் என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கு தெரப்பி வேணும். இது வருத்தம். வெக்கப்பட ஒண்டும் இல்லை."

விசாரித்தேன். இடம் கிடைக்க அடுத்த வருடம் ஆகும் என்றார்கள். அந்தக் கிழமைதான் காட்டோரம் நடக்கப் போனபோது, சுடும் சங்கத்தின் வீட்டுக்கு முன்னால் "புதிய உறுப்பினர்களை வரவேற்கிறோம்" என்று தொங்கிய பலகையைப் பார்த்தேன். வருடக் கணக்கில் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம்.

"தெரப்பிக்கு அடுத்த வருசம் தானாம்" என்று மகளுக்குச் சொன்னேன். "சுடுற சங்கத்தில வியாழக்கிழமையே இடம் இருக்கு."

 உடனே, "அப்பாட்டக் குடுங்கோ" என்றாள்.

கணவர் பேசியது அவளுக்கும் கேட்டிருக்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "உமக்கு விசரே? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீர் சந்தாப் பணம் கட்டி அந்தச் சத்தத்தைக் கேக்கப் போறீரோ?"

"நீங்கள் பின்னேரத்தில வீட்டில நிண்டால் எனக்கேன் துவக்கு?"

 அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் இல்லாத இடத்தில் எழுந்து போவது அவருடைய பழக்கம்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற மனிதர், கம்பளி அங்கி போட்டவர், சுவாபிய வட்டார ஜெர்மனில் பேசுகிறவர். நான் அதைக் கேட்டு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். கோப்பி ஊற்றித் தந்து, "ஏன் சுட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். "வீட்டுக்குக் கள்ளன் வந்தான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இது என் காதில் விழவில்லை" என்றார். "இந்த நாட்டில் வீட்டைக் காப்பதற்கென்று யாருக்கும் துப்பாக்கி இல்லை. இலக்கைச் சுடலாம். அதற்கும் ஒரு வருடம் ஒழுங்காக வந்து சுட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், சங்கம் உறுதிப்படுத்த வேண்டும். நீங்கள் சொன்னதை இன்னொருதரம் என் முன்னால் சொன்னால், அந்தக் கோப்பி முடிந்ததும் போய்வரலாம்."

"சரி. எனக்கு விளையாட்டில் ஆர்வம்."

"எந்த விளையாட்டில்?"

"இதில்தான்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை சொன்னால் வாசலைக் காட்டுகிறார், பொய் சொன்னால் கோப்பி ஊற்றுகிறார். எங்கள் அலுவலகத்தில் இதையே நாங்கள் வாடிக்கையாளருக்குச் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் சுடும் கூடத்துக்குள் காதடைப்பான் போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுட்டார். அடுத்தது எனக்குத் தெரிந்தது, நான் நிலத்தில் குப்புறக் கிடக்கிறேன், கைகள் தலைக்கு மேல். யாரும் என்னைத் தள்ளவில்லை. உடம்பு தானாகப் படுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். மயங்கிவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் ஓடி வந்தார்கள். தலைவர் என்னைத் தூக்கி நிறுத்தி, உடுப்பில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, "இங்கே நின்றுகொண்டு சுடுவதுதான் வழக்கம்" என்றார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கணவருக்கு ஒரு வருடத்துக்குப் பகிடி கிடைத்திருக்கும்.

இரண்டாம் வாரமும் போனேன். மூன்றாம் வாரம் நிலத்தில் படுக்கவில்லை. முதலில் காற்றுத் துப்பாக்கி, பிறகு குழலின் துளை சின்னதான துப்பாக்கி, பிறகு சங்கத்தின் பெரிய துளைத் துப்பாக்கிகள். வியாழக்கிழமை சுடப் போனால் எனக்குள் ஒரு அமைதி வந்ததா என்று மகள் கேட்டாள். அமைதி வரவில்லை. எண்ணிக்கை வந்தது. மூச்சை விடு, குழல் நுனிக் குறியைப் பார், விரலை மட்டும் அசை. அந்த நேரத்தில் தோளைப் பற்றி நினைக்க இடமில்லை. அது போதுமாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை மீன் ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். அது பிழை. அதன் பிறகு நான் கதவைத் திறந்தால் எல்லோரும் என் கையிலிருக்கிற பையைத்தான் பார்ப்பார்கள். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும், "இன்றைக்கு உறைப்புக் கொஞ்சம் கூட" என்பதுதான் எனக்குக் கிடைத்த விமர்சனம்.

பரீட்சையில் முழுப் புள்ளியும் எடுத்தேன். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. சட்டப்பிரிவுகளை மனப்பாடம் செய்வதுதான் என் தொழில்.

வருடம் முடிந்து சொந்தத் துப்பாக்கி தெரிவு செய்கிற கட்டம் வந்தது. எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்கப் போனால் கடை முழுவதும் ஆலோசனை சொல்லும். அது எவ்வளவோ மேல். சங்கத்தில் ஒருவர் முன்பு லொறி ஓட்டியவர், கை ஒவ்வொன்றும் தோசைக்கல் அளவு. "பெரிய துளை என்றால் நாற்பத்தைந்து அளவுதான். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்று தன்னுடையதைத் தந்தார். சுட்டேன். குழல் கூரையைப் பார்த்து எழும்பியது. மணிக்கட்டில் ஏறிய நோவு சோற்றுப் பானையை இறக்க விடாமல் நெடுநாள் நின்றது.

அடுத்தது ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல். அதுதான் எல்லோரிடமும் இருக்கிறது, ரவை என்கிற தோட்டாவும் மலிவு, உதைப்பும் தாங்கும். ஆனால் அதன் மேற்பகுதியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால்தான் ரவை ஏறும். உள்ளே இருக்கிற சுருள்வில் என் கையை மதிக்கவில்லை. சங்கத்தில் இன்னொரு பெண், பல் வைத்தியர், "இழுக்காதீர்கள், மற்றக் கையால் தள்ளுங்கள்" என்று காட்டித் தந்தார். தள்ளினால் வந்தது. களைத்த நாளில் தள்ளினாலும் வரவில்லை. கள்ளன் வருகிற நாள் நான் களைக்காத நாளாக இருக்கும் என்று யார் சொன்னது? இதை நான் மனதுக்குள்தான் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டால் தலைவர் வாசலைக் காட்டுவார்.

கடைசியில் ரிவோல்வர். துளை அளவு முந்நூற்றைம்பத்தேழு. இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். உருளையைத் திறந்தால் உள்ளே ரவை இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவளுக்கு அது பிடித்தது. மென்மையான ரவையையும் அதிலேயே சுடலாம். கடைக்காரர் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று நீளக் குழல், மற்றது குட்டை. கணவரும் வந்திருந்தார், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு.

"தாளில் ஓட்டை போடுவதற்கு நீளமானது" என்றார் கடைக்காரர். "பாரம் முன்னால் இருக்கும், கை ஆடாது."

"குட்டை?"

"வேறு எதற்கும் என்றால் குட்டை."

"வேறு எதற்கு?"

"வேறு எதற்கும் நான் விற்பதில்லை."

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இப்படித்தான் ஒரு வருடமாக. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். நான் நீளமானதைத் தூக்கிப் பார்த்தேன்.

"உலக்கை மாதிரிக் கிடக்கு" என்றார் கணவர் தமிழில். "இதைத் தூக்கிக்கொண்டு படியால ஏறுவீரோ?"

"சும்மா இருங்கோப்பா. போட்டிக்கும் வேணும், வீட்டுக்கும் வேணும்."

"சோறு காய்ச்சவும் குளிக்க வார்க்கவும் ஒரே பானையோ?"

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஏறிய எரிச்சல். ஒரு வேலைக்கு நல்லது மற்ற வேலைக்கு உதவாது. கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நீளமானதையே எடுத்தேன். அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் இலக்குச் சுடுதல் என்றுதான் இருந்தது. எழுதியதற்காவது அது பொருந்தட்டும் என்று நினைத்தேன்.

ரிவோல்வருக்கு முன்னால் பெட்டகம் வந்தது. சட்டம் அப்படி. ரவை இல்லாமல், இரும்புப் பெட்டகத்துக்குள், இலக்கப் பூட்டுப் போட்டு வைக்க வேண்டும். உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் இலக்கம் தெரியக் கூடாது, புருஷனுக்கும்தான். அதன் பாரத்துக்கு மேல் மாடி தாங்காது என்று நிலக்கீழ் அறையில் சுவரோடு பூட்டினார்கள். வந்த ஆட்கள் போனதும் கணவர் அதற்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, சாவகாசமாக ஆரம்பித்தார்.

"நீர் மேல படுத்திருக்கிறீர். கள்ளன் வாறான். அப்ப நீர் அவனிட்டச் சொல்லோணும், 'தம்பி, ஒருக்கா விலத்தும், நான் கீழ போயிட்டு வாறன்' எண்டு. என்ன?"

"போங்கோ அங்கால."

"கீழ வந்து இலக்கம் மறந்து போச்செண்டால்? அவனையே கூப்பிட்டுக் கேக்கலாம். அவங்களுக்குப் பூட்டுத் திறக்கத் தெரியும்."

நான் கோபத்தில் மேலே வந்துவிட்டேன். ஆனால் படியில் நின்று பார்த்தேன். படுக்கையறையிலிருந்து நிலக்கீழ் அறைக்கு இந்தப் படிக்கட்டு ஒன்றுதான் வழி. கள்ளனைத் தாண்டித்தான் துவக்குக்குப் போக வேண்டும்.

"பிறகேன் அம்மா வாங்கினீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"கீழ இருக்கெண்டு தெரிஞ்சால் காணும்."

போதவில்லை. ரிவோல்வர் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இரண்டு பயம். கள்ளன் வருவான் என்பது ஒன்று. வந்தவன் இதை எடுத்துக்கொண்டு போவான் என்பது மற்றது. பெட்டகத்தைப் பூட்டினேனா என்று பார்க்க இறங்குவேன். பூட்டியிருக்கும். மேலே வந்து தேத்தண்ணி வைப்பேன். இழுத்துப் பார்த்தேனா என்று மறுபடி இறங்குவேன். சுடுவதில் மட்டும் முன்னேறிக்கொண்டிருந்தேன். தலைவர் நான் சுட்ட இலக்கு அட்டையை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். ரோல்ஸைப் பற்றிப் பேசாத முதல் வியாழன் அது.

இப்படி இருக்கும்போது நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் சுவாமி அறை என்று தனியாக இல்லை. வரவேற்பறைச் சுவரில் ஒரு தட்டு. ஒன்பதாம் நாள் சரசுவதி பூசைக்குப் புத்தகங்களோடு அவரவர் தொழிற்சாமான்களும் வைப்போம். மகள் விட்டுப்போன வயலின், என் கணக்குப் பொறி, கணவரின் ஸ்பானர்கள், காரின் திறப்புச் சாவி. சந்தனம் வைத்துப் பூப்போட்டு, அடுத்த நாள் விஜயதசமிக் காலையில் பூசை முடியும்வரை ஒன்றையும் எடுக்கக் கூடாது. அன்றைக்கு நான் லீவு. கணவர் அதிகாலை வேலை முடிந்து வந்து குளித்து வேட்டியோடு நின்றார். இவ்வளவு காலமும் அந்தத் துவக்கைத் திட்டிய மனிதர் தட்டைப் பார்த்து யோசித்தார்.

"இஞ்சை பாரும். இவ்வளவு வருசமும் ஆயுத பூசை எண்டு சொல்லி ஸ்பானருக்குப் பொட்டு வைச்சனாங்கள். இப்ப உண்மையான ஆயுதம் வீட்டில கிடக்கு. அதைக் கீழ இருட்டுக்குள்ள பூட்டி வைச்சிட்டு இதுகளுக்குப் பூப்போட்டால் அம்மாள் என்ன நினைப்பா?"

"அதை வெளியில வைக்கேலாதப்பா."

"வீட்டுக்குள்ளதானே வைக்கிறம். ரவையா வைக்கச் சொன்னனான்? சாமானைத்தானே. கள்ளன் வராமல் இருக்கத்தானே கும்பிடுறது."

சட்டத்தில் முழுப் புள்ளி எடுத்த நான், அதை வெளியே எடுத்தேன். அவர் சொன்னதால் என்று சொல்லிவிடலாம். அது உண்மையில்லை. வாங்கிய நாளிலிருந்து நானும் பயந்து பயந்து தொட்ட ஒன்று. அதற்கும் ஒரு பூ வைத்தால் அது எங்கள் வீட்டுச் சாமான் ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. வெறுமையாக்கி, துடைத்து, ஸ்பானர்களுக்கும் கணக்குப் பொறிக்கும் நடுவில் வைத்தேன். கணவர் தொடவில்லை, தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பொட்டும் நானே வைத்தேன். கைபிடியில் சந்தனம், மேலே குங்குமம், குழலின் மேல் ஒரு செவ்வந்தி. அவர் தேவாரம் படிக்கத் தொடங்கினார். நான் கடலை அவிக்கக் குசினிக்குப் போனேன்.

மணி அடித்தது. கணவர் போய்த் திறந்தார். ஒரு பெண்ணும் ஒரு ஆணும், கழுத்தில் அடையாள அட்டை. மாவட்ட அலுவலகத்திலிருந்து, ஆயுதங்கள் ஒழுங்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முன்னறிவித்தல் இல்லாமல் பார்க்க வருகிறவர்கள். அப்படி வருவார்கள் என்று பரீட்சையிலேயே ஒரு கேள்வி இருந்தது.

கரண்டியோடு நான் வந்து சேர்ந்தபோது கணவர் அவர்களைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெட்டகத்தைப் பார்க்கலாமா?" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் கேட்டாள்.

கீழே கூட்டிப்போய் இலக்கத்தை அழுத்தித் திறந்தேன். ரவைப் பெட்டிகள் இருந்தன. அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆயுதம் எங்கே?"

பொய் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. "பூசையில்" என்றேன்.

"யாரிடம்?"

மேலே கூட்டிவந்து காட்டினேன். விளக்கு எரிந்தது, ஊதுபத்தி புகைந்தது. ரிவோல்வர் பூவும் பொட்டுமாகப் புதுப்பெண் மாதிரி இருந்தது. அந்த ஆண் வாயைத் திறந்து மூடினார். அவள் மட்டும் கேட்டாள்.

"நீங்கள் இந்த அறைக்குள் இருந்தீர்களா?"

"குசினியில் இருந்தேன்."

"இங்கே யார் இருந்தது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர், "நான் தொடவில்லை, கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்றார் ஜெர்மனில். பிறகு தமிழில், "நாளைக்குக் காலமை மட்டும் எடுக்கேலாது எண்டு சொல்லும். பூசை குழம்பும்."

"உங்கள் கணவர் என்ன சொல்கிறார்?"

"தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கிறார்."

அவர்கள் குடிக்கவில்லை. ஆயுதத்தை எடுத்து அவர்கள் முன்னாலேயே வெறுமை என்று காட்டி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். செவ்வந்தியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தேன். குங்குமத்தைத் துடைக்கவில்லை.   எழுதிக்கொண்டார்கள், எனக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரப்படும் என்றார்கள், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள். கடலை அடிப்பிடித்துவிட்டது.

"நான்தான் வைக்கச் சொன்னனான் எண்டு எழுதும்" என்றார் கணவர்.

"எழுதினால், சட்டம் கேக்காத புருஷனும் அது விளங்காத மனிசியும் எண்டு இரண்டு பேரிலயும் பிழை பிடிப்பினம்."

சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.  "சலம் கழிக்கப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்?" என்றார். வழக்கறிஞர் வைத்துப் போராடலாம், சிலவேளை எச்சரிக்கையோடு விடுவார்கள் என்றார். "உங்களுக்கு அது எவ்வளவு தேவை?" என்று கேட்டார். முதல் நாள் அவர் காதில் விழாத காரணத்தை இப்போதும் சொல்ல முடியவில்லை. சொல்லவும் ஒன்றும் மிச்சமில்லை. பெட்டகத்துக்குள் அது இருந்த ஒரு பின்னேரம்கூட நான் குசினிச் சுவரை விட்டு எழும்பி வரவேற்பறையில் போய் இருந்ததில்லை.

அதைப் பல் வைத்தியருக்கு விற்றேன். அவரிடம் அனுமதி இருந்தது, கையும் என்னுடைய அளவுதான். என் அனுமதி அட்டையை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் உண்மையாகவா என்று இரண்டு தரம் கேட்டார். திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது இந்த நாட்டில்.

சங்கத்தை விடவில்லை. சங்கத்தின் துப்பாக்கியை அங்கேயே எடுத்து, அங்கேயே சுட்டு, அங்கேயே வைத்துவிட்டு வரலாம். அதற்கு அட்டை வேண்டாம்.

மகள்தான் தொலைபேசியில் தகப்பனைப் பிடித்தாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, அவர் குளியலறைக்குள் நின்று கதைத்தார். அடுத்த மாதத்திலிருந்து எப்போதும் அதிகாலை வேலைதான் என்று வந்து சொன்னார்.

"ஆக்கள் காணாதெண்டு சொன்னீங்கள்?"

"இப்ப காணுமாம்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவ்வளவு லேசாக முடிகிற காரியம் என்றால் இரண்டு வருடமாக என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் வீட்டில் இருக்கத் தொடங்கிய பின்னேரங்களும் பெரிய சொர்க்கம் இல்லை. தொலைக்காட்சியைப் பெரிதாகப் போடுவார். நான் வைத்த இடத்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

முதல் வியாழன் வந்தது. அவரை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே சுடப் போனேன். நன்றாகச் சுடவில்லை. சாமானைத் திருப்பிக் கொடுத்துக் கைகழுவி வெளியே வந்தால், மழைக்குள் எங்கள் கார். உள்ளே அவர், சூடேற்றியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முழுவதும் ஆவி படிய உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்தேன். "என்னப்பா? மகளுக்கு ஏதும்?"

"இல்லை. சும்மா வந்தனான்."

"எப்ப வந்தனீங்கள்?"

"நீர் போன கையோட."

"இவ்வளவு நேரமும் இதுக்குள்ளயோ? உள்ள வந்து கோப்பி குடிச்சிருக்கலாமே."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ஆவி படிந்தது. "மேல ஏதோ சத்தம் கேட்டது" என்றார். "போய்ப் பாத்தன், ஒண்டும் இல்லை. எண்டாலும் இருட்டினால் எனக்கு அந்த வீட்டில தனிய இருக்கேலாது."

 மழை என் முதுகில் விழுந்தது.

"அந்தப் பிற்பகல் வேலை" என்றார் என்னைப் பாராமல், "அவங்கள் தரேல்லை. நான்தான் கேட்டு வாங்கினனான்."

ஒரு வருடம் நிலத்தில் விழுந்து எழும்பி, சட்டம் படித்து, மணிக்கட்டு நொந்து, மாவட்ட அலுவலகத்தில் தலைகுனிந்து நின்றேன். அவ்வளவு காலமும் இந்த மனிதர் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு, இயந்திரங்களுக்கு நடுவில் ஒளிந்திருந்திருக்கிறார். ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஏறுமன்" என்றார். "நனையிறீர்."

"அங்கால தள்ளுங்கோ" என்றேன். "காரை நான் ஓடுறன். உங்களுக்கு இந்தக் கண்ணாடியால ஒண்டும் தெரியாது."